கை-வர்க்கச் சோதனை (குழு ஒப்பீடு)

கை-வர்க்கச் சோதனை என்பது, வகைகளாகப் பிரித்து எண்ணப்பட்ட தரவுகளில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட குழுக்களுக்கிடையே காணப்படும் வேறுபாடு தற்செயலால் மட்டுமே தோன்றியிருக்கக்கூடியதா, அல்லது தற்செயலை மிஞ்சியதா என மதிப்பிட உதவும் புள்ளியியல் சோதனை ஆகும். இது கை-இருபடிச் சோதனை என்றும் குறிப்பிடப்படுவதுண்டு. பெயரில் உள்ள "கை" என்பது கிரேக்க நெடுங்கணக்கின் 22ஆவது எழுத்தின் பெயராகும். சோதனையில் கணிக்கப்படும் அளவு அவ்வெழுத்தின் வர்க்கமாகக் குறிக்கப்படுவதால் இப்பெயர் ஏற்பட்டது.

சமூகவியல், கல்வியியல், அரசியல் அறிவியல், பொதுநலவியல் ஆகிய துறைகளில் மிகுதியாகப் பயன்படும் சோதனைகளுள் இதுவும் ஒன்று. குழுக்களிடையே வேறுபாடு உள்ளதா என்ற வினாவுக்கு மட்டுமே இச்சோதனை விடையளிக்கிறது. அவ்வேறுபாடு ஏன் தோன்றியது, அதற்கு யார் பொறுப்பு என்ற வினாக்களுக்கு இது விடையளிப்பதில்லை. இவ்விரண்டையும் பிரித்தறிவது எவ்வளவு இன்றியமையாதது என்பதை, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1973ஆம் ஆண்டு நடைபெற்ற மாணவர் சேர்க்கை பற்றிய தரவு தெளிவாகக் காட்டுகிறது. அத்தரவு இக்கட்டுரையில் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளது.

## பயன்படும் இடம்

உயரம், வருமானம், தேர்வு மதிப்பெண் போன்றவை எண்களாக அளக்கப்படுபவை. இவற்றுக்குச் சராசரி காணலாம். இரு குழுக்களின் சராசரிகளை ஒப்பிடலாம். ஆனால் சமூக ஆய்வில் திரட்டப்படும் விவரங்களுள் பல இத்தகையவை அல்ல. பால், மதம், தாய்மொழி, தொழில், வாக்களித்த கட்சி, "ஆம்" அல்லது "இல்லை" என்னும் விடை ஆகியவை வகைகளே. ஆண் என்பதற்கும் பெண் என்பதற்கும் சராசரி காண இயலாது. ஒவ்வொரு வகையிலும் எத்தனை பேர் உள்ளனர் என எண்ணுவது மட்டுமே இயலும்.

இவ்வாறு எண்ணிப் பெற்ற எண்ணிக்கை நிகழ்வெண் எனப்படும். குழுக்களை நிரைகளாகவும் விடைகளை நிரல்களாகவும் அமைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் உரிய நிகழ்வெண்ணை எழுதினால் கிடைப்பது குறுக்கு அட்டவணை ஆகும். கை-வர்க்கச் சோதனை இத்தகைய அட்டவணையின் மீது செய்யப்படுகிறது.

குறுக்கு அட்டவணை இரண்டு வழிகளில் உருவாகலாம்.

* ஒரே மாதிரியில் உள்ள அனைவரையும் இரண்டு பண்புகளின்படி வகைப்படுத்தலாம். அப்போது அவ்விரு பண்புகளும் ஒன்றையொன்று சாராதவையா எனச் சோதிக்கப்படுகிறது. இது சார்பின்மைச் சோதனை எனப்படும்.
* ஒவ்வொரு குழுவிலிருந்தும் தனித்தனியே மாதிரி எடுத்து, அவற்றில் விடைகள் ஒரே விகிதத்தில் பரவியுள்ளனவா எனச் சோதிக்கலாம். இது ஒருபடித்தான தன்மைச் சோதனை எனப்படும்.

இரண்டிலும் கணக்கிடும் முறை ஒன்றே. முடிவைச் சொல்லும் முறையில் மட்டுமே வேறுபாடு உண்டு.

## வரலாறு

இச்சோதனையை இங்கிலாந்தைச் சேர்ந்த புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் 1900ஆம் ஆண்டில் வெளியிட்டார். எதிர்பார்த்த எண்ணிக்கைக்கும் கண்டறிந்த எண்ணிக்கைக்கும் உள்ள இடைவெளியை ஒரே எண்ணால் அளந்து, அவ்வளவு பெரிய இடைவெளி தற்செயலால் நேர்வதற்கான நிகழ்தகவைக் காணும் வழியை அவர் அளித்தார். அக்கட்டுரையில் அவர் ஆய்ந்த தரவுகளுள் ஒன்று, உயிரியலாளர் ராபேல் வெல்டன் 12 பகடைகளை 26,306 முறை உருட்டிக் குறித்த முடிவுகளாகும். பகடைகள் முற்றிலும் சீரானவை என்ற கருத்துடன் அம்முடிவுகள் பொருந்தவில்லை எனப் பியர்சன் காட்டினார்.

பியர்சனின் முறையில் ஒரு குறை இருந்தது. இரண்டு நிரைகளும் இரண்டு நிரல்களும் கொண்ட அட்டவணைக்குக் கட்டின்மைப் படிகள் மூன்று என அவர் கொண்டார். அது ஒன்று மட்டுமே என்பதை 1922ஆம் ஆண்டில் ரொனால்ட் ஃபிஷர் நிறுவினார். இத்திருத்தம் சிறியதன்று. படி மூன்று எனின், 5 விழுக்காட்டு நிலையில் கடக்க வேண்டிய எல்லை 7.815, படி ஒன்று எனின் அவ்வெல்லை 3.841. எனவே கணித்த மதிப்பு 5 ஆக இருக்கும் அட்டவணையில், முன்னதன்படி வேறுபாடு இல்லை எனவும் பின்னதன்படி உண்டு எனவும் முடிவாகும்.

பின்னர் ஃபிராங்க் யேட்ஸ் 1934ஆம் ஆண்டில் சிறிய அட்டவணைகளுக்கான தொடர்ச்சித் திருத்தத்தை முன்மொழிந்தார். எதிர்பார்க்கப்படும் நிகழ்வெண்கள் எவ்வளவு சிறியனவாக இருக்கலாம் என்பது குறித்து வில்லியம் காக்ரன் 1954ஆம் ஆண்டில் அளித்த நெறிகள் இன்றும் பாடநூல்களில் பின்பற்றப்படுகின்றன.

## அடிப்படைக் கருத்து

சோதனை ஓர் எடுகோளுடன் தொடங்குகிறது. "குழுக்களிடையே வேறுபாடு இல்லை" என்னும் அவ்வெடுகோள் இன்மைக் கருதுகோள் எனப்படும். இலங்கை வழக்கில் இது சூனியக் கருதுகோள் எனப்படுகிறது. "வேறுபாடு உண்டு" என்பது மாற்றுக் கருதுகோள் ஆகும்.

இன்மைக் கருதுகோள் உண்மையாயின், ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் இருந்திருப்பர் எனக் கணக்கிடலாம். இது எதிர்பார்க்கப்படும் நிகழ்வெண் ஆகும். உண்மையில் எண்ணிப் பெற்றது கண்டறிந்த நிகழ்வெண் ஆகும். வேறுபாடே இல்லாத குழுக்களிலும் இவ்விரண்டும் துல்லியமாக ஒத்திருப்பதில்லை. சீரான நாணயத்தை 100 முறை சுண்டினாலும் ஒவ்வொரு தடவையும் 50 தலைகள் விழுவதில்லை என்பது போன்றதே இதுவும். எனவே இடைவெளி உள்ளதா என்பது வினாவன்று. தற்செயலுக்கு உரிய அளவை அது மிஞ்சுகிறதா என்பதே வினா.

## கணிக்கும் முறை

1. ஒவ்வொரு கட்டத்திற்கும் எதிர்பார்க்கப்படும் நிகழ்வெண்ணைக் காண வேண்டும். அது, (நிரையின் கூட்டுத்தொகை × நிரலின் கூட்டுத்தொகை) ÷ மொத்தம் ஆகும்.
2. கண்டறிந்த நிகழ்வெண்ணிலிருந்து எதிர்பார்க்கப்படும் நிகழ்வெண்ணைக் கழித்து, விடையை வர்க்கப்படுத்த வேண்டும். வர்க்கப்படுத்துவதால் மிகையும் குறையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வது தவிர்க்கப்படுகிறது.
3. அதனை அக்கட்டத்தின் எதிர்பார்க்கப்படும் நிகழ்வெண்ணால் வகுக்க வேண்டும். 1,000 பேரை எதிர்பார்த்த இடத்தில் 10 பேர் கூடுவது சிறிது. 20 பேரை எதிர்பார்த்த இடத்தில் 10 பேர் கூடுவது பெரிது. வகுத்தல் இந்த வேறுபாட்டைக் கணக்கில் கொள்கிறது.
4. எல்லாக் கட்டங்களுக்கும் கிடைத்தவற்றைக் கூட்ட வேண்டும். இக்கூட்டுத்தொகையே கை-வர்க்க மதிப்பு ஆகும்.
5. கட்டின்மைப் படிகளைக் காண வேண்டும். அது, (நிரைகளின் எண்ணிக்கை – 1) × (நிரல்களின் எண்ணிக்கை – 1) ஆகும்.
6. கை-வர்க்கப் பரவலின் அட்டவணையில் உரிய எல்லை மதிப்பைப் பார்த்து ஒப்பிட வேண்டும்.

கட்டின்மைப் படி என்பது, கூட்டுத்தொகைகள் மாறாதிருக்கும்போது தம் விருப்பப்படி நிரப்பக்கூடிய கட்டங்களின் எண்ணிக்கையாகும். இரண்டுக்கு இரண்டு அட்டவணையில் ஒரு கட்டத்தை நிரப்பியவுடன் மற்ற மூன்றும் கூட்டுத்தொகைகளால் தாமே முடிவாகிவிடுகின்றன. ஆதலால் அதற்குப் படி ஒன்று.

5 விழுக்காட்டு மிகைகாண் நிலைக்குரிய எல்லை மதிப்புகள் சில பின்வருமாறு:

| கட்டின்மைப் படி | எல்லை மதிப்பு |
|---|---|
| 1 | 3.841 |
| 2 | 5.991 |
| 3 | 7.815 |
| 4 | 9.488 |
| 5 | 11.070 |
| 6 | 12.592 |

கணித்த மதிப்பு எல்லையைக் கடந்தால் இன்மைக் கருதுகோள் மறுக்கப்படுகிறது. கடக்காவிடின் அதனை மறுக்கப் போதிய சான்று இல்லை என்பதே முடிவு. "குழுக்கள் ஒன்றே என நிறுவப்பட்டது" என அதனைக் கொள்ளலாகாது.

கணினி மென்பொருள்கள் எல்லை மதிப்புக்கு மாறாகப் பி-மதிப்பை அளிக்கின்றன. இன்மைக் கருதுகோள் உண்மையாக இருந்தால், இந்த அளவோ இதனினும் பெரிதோ ஆன கை-வர்க்க மதிப்பு தோன்றுவதற்கான நிகழ்தகவே பி-மதிப்பு ஆகும். இன்மைக் கருதுகோள் உண்மையாக இருப்பதற்கான நிகழ்தகவு எனச் சிலர் இதனைப் பிழையாகப் பொருள் கொள்கின்றனர்.

## எடுத்துக்காட்டு: பெர்க்லி மாணவர் சேர்க்கை, 1973

### மொத்தத் தரவு

1973ஆம் ஆண்டின் இலையுதிர்காலப் பருவத்தில் பெர்க்லியின் பட்டமேற்படிப்புகளுக்கு விண்ணப்பித்தோரின் விவரங்களைப் பீட்டர் பிக்கெல், யூஜின் ஹாமெல், வில்லியம் ஓ'கானெல் ஆகியோர் ஆய்ந்தனர். அவர்களது கட்டுரை 1975ஆம் ஆண்டில் "சயன்ஸ்" இதழில் வெளிவந்தது. சேர்க்கையில் பெண்களுக்கு எதிரான பாகுபாடு உள்ளதா என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட வினா.

| | சேர்க்கப்பட்டோர் | மறுக்கப்பட்டோர் | மொத்தம் |
|---|---|---|---|
| ஆண்கள் | 3,738 | 4,704 | 8,442 |
| பெண்கள் | 1,494 | 2,827 | 4,321 |
| மொத்தம் | 5,232 | 7,531 | 12,763 |

விண்ணப்பித்த ஆண்களில் 44.3 விழுக்காட்டினரும் பெண்களில் 34.6 விழுக்காட்டினரும் இடம் பெற்றனர். பால் வேறுபாடு இன்றிச் சேர்க்கை நிகழ்ந்திருந்தால் எதிர்பார்க்கப்படும் நிகழ்வெண்கள் பின்வருமாறு அமையும்:

| | சேர்க்கப்பட்டோர் | மறுக்கப்பட்டோர் |
|---|---|---|
| ஆண்கள் | 3,460.7 | 4,981.3 |
| பெண்கள் | 1,771.3 | 2,549.7 |

எடுத்துக்காட்டாக, முதற்கட்டம் 8,442 × 5,232 ÷ 12,763 = 3,460.7 எனக் கிடைக்கிறது. நான்கு கட்டங்களிலும் இடைவெளி 277.3 ஆகும். அதாவது, எதிர்பார்த்ததைவிட ஏறத்தாழ 277 பெண்கள் குறைவாகச் சேர்க்கப்பட்டுள்ளனர். அவ்விடைவெளியின் வர்க்கத்தை ஒவ்வோர் எதிர்பார்க்கப்படும் நிகழ்வெண்ணாலும் வகுத்துக் கூட்டினால்,

22.22 + 15.44 + 43.42 + 30.17 = 111.25

என்னும் மதிப்பு கிடைக்கிறது. யேட்ஸ் திருத்தத்தைச் செய்தால் இது 110.8 ஆகக் குறைகிறது. எல்லை மதிப்பாகிய 3.841ஐ இது பன்மடங்கு கடந்து நிற்கிறது. இவ்வளவு பெரிய வேறுபாடு தற்செயலால் நேர்வதற்கான வாய்ப்பு கோடியில் ஒரு பங்கினும் மிகக் குறைவு.

இங்கே ஓர் ஐயம் எழலாம். 12,763 பேரும் மாதிரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். இடம் கேட்டோர் அனைவருமே கணக்கில் உள்ளனர். அவ்வாறாயின் "தற்செயல்" என்பதன் பொருள் என்ன? இத்தகைய ஆய்வில் தற்செயல் என்பது மாதிரி எடுப்பதைக் குறிப்பதன்று. சேர்ப்பதா மறுப்பதா என்னும் முடிவு, விண்ணப்பித்தவரின் பாலைப் பொறுத்தவரையில் திருவுளச்சீட்டைப் போலக் கண்மூடித்தனமானது என்னும் கற்பனை மாதிரியமைப்பே ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. தரவு அம்மாதிரியமைப்புடன் பொருந்தவில்லை என்பதே சோதனையின் முடிவு.

இந்த முடிவைக் கொண்டு, பெண்கள் என்பதனாலேயே சேர்க்கைக் குழுக்கள் அவர்களை ஒதுக்கின என்று சொல்லிவிடலாமா? சோதனை அவ்வாறு சொல்லவில்லை.

### துறைவாரித் தரவு

பெர்க்லியில் பட்டமேற்படிப்புச் சேர்க்கையை ஒவ்வொரு துறையும் தனித்தனியே முடிவு செய்தது. எனவே பாகுபாடு நிகழ்ந்திருந்தால் அது துறைகளிலேயே நிகழ்ந்திருக்க வேண்டும். மொத்தம் 101 துறைகளுள், ஒப்பீட்டுக்கு இடமளிக்காத 16 துறைகளை நீக்கி, எஞ்சிய 85 துறைகளை ஆய்வாளர்கள் தனித்தனியே ஆராய்ந்தனர். தற்செயலால் நூற்றில் ஐந்து முறைக்கும் குறைவாகவே நேரக்கூடிய வேறுபாடு, நான்கு துறைகளில் பெண்களுக்கு எதிராகவும் ஆறு துறைகளில் ஆண்களுக்கு எதிராகவும் காணப்பட்டது. மற்றத் துறைகளில் அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை.

மிகுதியான விண்ணப்பங்களைப் பெற்ற ஆறு துறைகளின் எண்ணிக்கைகள், துறைகளின் பெயர்கள் மறைக்கப்பட்டு, பின்னர் பாடநூல்களில் இடம்பெற்றன. அவை இங்கு அ முதல் ஊ வரையான எழுத்துகளால் குறிக்கப்படுகின்றன.

| துறை | விண்ணப்பித்த ஆண்கள் | சேர்ந்தோர் | விழுக்காடு | விண்ணப்பித்த பெண்கள் | சேர்ந்தோர் | விழுக்காடு | கை-வர்க்க மதிப்பு |
|---|---|---|---|---|---|---|---|
| அ | 825 | 512 | 62.1 | 108 | 89 | 82.4 | 17.25 |
| ஆ | 560 | 353 | 63.0 | 25 | 17 | 68.0 | 0.25 |
| இ | 325 | 120 | 36.9 | 593 | 202 | 34.1 | 0.75 |
| ஈ | 417 | 138 | 33.1 | 375 | 131 | 34.9 | 0.30 |
| உ | 191 | 53 | 27.7 | 393 | 94 | 23.9 | 1.00 |
| ஊ | 373 | 22 | 5.9 | 341 | 24 | 7.0 | 0.38 |
| மொத்தம் | 2,691 | 1,198 | 44.5 | 1,835 | 557 | 30.4 | 92.21 |

ஆறு துறைகளையும் ஒன்றாகச் சேர்த்தால் கை-வர்க்க மதிப்பு 92.21 ஆகிறது. தனித்தனியே பார்த்தால் ஐந்து துறைகளில் அது 3.841ஐ எட்டவே இல்லை. எல்லையைக் கடக்கும் ஒரே துறையாகிய "அ" துறையில் கூடுதல் விகிதத்தில் இடம் பெற்றவர்கள் பெண்கள். ஆறில் நான்கு துறைகளில் பெண்களின் விழுக்காடே உயர்ந்துள்ளது.

துறை என்னும் மூன்றாவது மாறியை நிலையாக வைத்துக்கொண்டு ஆறு அட்டவணைகளையும் இணைத்துச் சோதிக்கும் மாண்டெல்–ஹேன்செல் முறையில் கிடைக்கும் மதிப்பு, தொடர்ச்சித் திருத்தத்துடன், 1.43 மட்டுமே. இது எல்லைக்குள் அடங்குகிறது.

### வேறுபாடு தோன்றிய இடம்

ஒவ்வொரு துறையிலும் பெண்கள் பின்தங்காத நிலையில், மொத்தத்தில் மட்டும் எவ்வாறு பின்தங்கினர்? விடை, யார் எந்தத் துறைக்கு விண்ணப்பித்தனர் என்பதில் உள்ளது. அ, ஆ ஆகிய இரண்டு துறைகளும் விண்ணப்பித்தோரில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோரைச் சேர்த்துக்கொண்டன. இ, ஈ ஆகியவை ஏறத்தாழ மூன்றில் ஒருவரையும், உ ஏறத்தாழ நான்கில் ஒருவரையும், ஊ நூற்றில் ஆறு பேரையும் சேர்த்துக்கொண்டன. இந்த ஆறு துறைகளை நாடிய ஆண்களில் 51.5 விழுக்காட்டினர் அ, ஆ துறைகளுக்கு விண்ணப்பித்தனர். பெண்களில் அவ்விரண்டுக்கும் விண்ணப்பித்தோர் 7.2 விழுக்காட்டினர் மட்டுமே. எஞ்சிய 92.8 விழுக்காட்டினர் இடம் கிடைப்பது அரிதான துறைகளின் வாயிலில் நின்றனர்.

பாலையும் துறையையும் இரண்டு பண்புகளாகக் கொண்டு இரண்டு நிரைகளும் ஆறு நிரல்களும் உள்ள அட்டவணையில் அதே சோதனையைச் செய்தால், மதிப்பு 1,068.4 ஆகிறது. ஐந்து கட்டின்மைப் படிகளுக்குரிய எல்லை 11.070. ஆக, வலிமையான தொடர்பு பாலுக்கும் சேர்க்கை முடிவுக்கும் இடையில் இல்லை. பாலுக்கும் துறைத் தேர்வுக்கும் இடையிலேயே உள்ளது.

மூன்றாவது மாறியின்படி பிரிக்கும்போது மொத்தத்தில் தெரிந்த போக்கு மறைவதும் தலைகீழாவதும் சிம்ப்சனின் முரண்புதிர் எனப்படும். எட்வர்டு சிம்ப்சன் 1951ஆம் ஆண்டில் இதனை விளக்கினார். ஆயினும் உட்னி யூல் 1903ஆம் ஆண்டிலேயே இதனைக் குறிப்பிட்டிருந்தார்.

பெண்களுக்கு அநீதி எதுவும் நேரவில்லை என ஆய்வாளர்கள் முடிவு கூறவில்லை. சேர்க்கைக் குழுக்கள் பாகுபாடு காட்டியதற்கான சான்று பொதுவாக இல்லை என்றே கூறினர். கணிதப் பயிற்சியை வேண்டும் துறைகளில் பெண் விண்ணப்பதாரர்கள் குறைவாக இருந்ததையும், பள்ளிக் காலம் முதற்கொண்டு வளர்ப்பும் கல்வியும் பெண்களை நெருக்கடி மிகுந்த, நிதி வசதி குறைந்த துறைகளை நோக்கித் திருப்புவதையும் அவர்கள் சுட்டினர். சேர்க்கைக் குழுவைத் திருத்துவதால் மட்டும் அந்த நிலை மாறாது. தவறான இடத்தில் காரணத்தைத் தேடினால் தீர்வும் தவறான இடத்திலேயே தேடப்படும்.

இவ்வாய்வுக்கும் ஓர் எடுகோள் உண்டு. ஒரே துறைக்கு விண்ணப்பித்த ஆண்களும் பெண்களும் தகுதியில் ஒத்தவர்கள் எனக் கொள்ளப்பட்டது. ஒரு துறைக்கு விண்ணப்பித்த பெண்கள் ஆண்களைவிடத் தகுதி மிக்கவர்களாக இருந்திருந்தால், சமமான விழுக்காடும் பாகுபாட்டை மறைக்கக்கூடும். எண்ணிக்கைகளைக் கொண்டு மட்டும் இதனைத் தீர்மானிக்க இயலாது.

## வேறுபாட்டின் அளவு

கை-வர்க்க மதிப்பு வேறுபாட்டின் பெருமையை மட்டும் காட்டுவதன்று. எண்ணப்பட்டோரின் தொகையையும் சார்ந்தது. விகிதங்கள் மாறாமல் எல்லா நிகழ்வெண்களையும் இரட்டிப்பாக்கினால் கை-வர்க்க மதிப்பும் இரட்டிப்பாகும். ஆகவே மிகப் பெரிய ஆய்வில் அற்பமான வேறுபாடும் எல்லையைக் கடக்கும். மிகச் சிறிய ஆய்வில் பெரிய வேறுபாடும் கடக்காமற் போகும்.

இதனை ஈடுசெய்யக் கிராமரின் வி-அளவு பயன்படுகிறது. கை-வர்க்க மதிப்பை மொத்த எண்ணிக்கையால் வகுத்து, மேலும் நிரை, நிரல் எண்ணிக்கைகளுள் சிறியதிலிருந்து ஒன்றைக் கழித்ததால் வகுத்து, வர்க்கமூலம் காண வேண்டும். இது 0 முதல் 1 வரை அமையும். பெர்க்லித் தரவில் கிடைப்பவை:

* பாலும் சேர்க்கையும், 12,763 பேர்: 0.09
* பாலும் சேர்க்கையும், ஆறு துறைகள், 4,526 பேர்: 0.14
* பாலும் துறைத் தேர்வும், ஆறு துறைகள், 4,526 பேர்: 0.49

111.25 என்னும் பெரிய எண்ணுக்குப் பின்னால் உள்ள தொடர்பின் வலிமை 0.09 மட்டுமே என்பது கவனிக்கத்தக்கது. எனவே ஆய்வறிக்கையில் கை-வர்க்க மதிப்புடன் விழுக்காடுகளையும் வி-அளவையும் சேர்த்தே தருதல் வேண்டும்.

## நிபந்தனைகள்

* எண்ணிக்கைகளே வேண்டும். விழுக்காடுகளையோ சராசரிகளையோ கட்டங்களில் இடலாகாது.
* ஒருவர் ஒரு கட்டத்தில் மட்டுமே இடம்பெற வேண்டும். "நீங்கள் படிக்கும் நாளிதழ்கள் எவை?" என்பது போன்று பல விடைகளுக்கு இடமளிக்கும் வினாக்களை அப்படியே சோதிக்க இயலாது.
* எண்ணப்பட்டோர் ஒருவரையொருவர் சாராதவர்களாக இருக்க வேண்டும். ஒரே வீட்டைச் சேர்ந்த நால்வரின் கருத்துகள் நான்கு தனிச் சான்றுகள் ஆகா.
* எதிர்பார்க்கப்படும் நிகழ்வெண்கள் மிகச் சிறியனவாக இருத்தலாகாது. காக்ரனின் நெறிப்படி, கட்டங்களில் ஐந்தில் நான்கு பங்கிலாவது அவை 5 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். எந்தக் கட்டத்திலும் 1க்குக் கீழே செல்லலாகாது. இந்நிபந்தனை எதிர்பார்க்கப்படும் நிகழ்வெண்ணுக்கே உரியது; கண்டறிந்த நிகழ்வெண்ணுக்கு உரியதன்று. "ஆ" துறையில் மறுக்கப்பட்ட பெண்கள் எண்மரே. ஆயினும் அக்கட்டத்தில் எதிர்பார்க்கப்படுவது 9.2 என்பதால் சோதனை செல்லுபடியாகும்.

மூன்றாவது நிபந்தனை சமூக ஆய்வில் அடிக்கடி மீறப்படுகிறது. இந்தியாவின் தேசியக் குடும்ப நல ஆய்வு போன்ற பெரிய ஆய்வுகளில் முதலில் ஊர்களும் நகர்ப் பகுதிகளும், பின்னர் அவற்றிலுள்ள வீடுகளும் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. ஓர் ஊரில் வாழ்வோர் பல பண்புகளில் ஒத்திருப்பதால், சாதாரணக் கை-வர்க்கச் சோதனை இல்லாத வேறுபாட்டையும் இருப்பதாகக் காட்டக்கூடும். இத்தகைய தரவுகளுக்காக ஜே. என். கே. ராவ், அலஸ்டேர் ஸ்காட் ஆகியோர் 1980களின் தொடக்கத்தில் உருவாக்கிய திருத்தம் பயன்படுத்தப்படுகிறது.

## அடிக்கடி நேரும் பிழைகள்

விழுக்காடுகளை நிகழ்வெண்களாகக் கொள்ளுதல். பெர்க்லித் தரவில் எண்ணிக்கைகளுக்கு மாறாக 44, 56, 35, 65 ஆகிய விழுக்காடுகளை இட்டால் கை-வர்க்க மதிப்பு 1.69 எனக் கிடைக்கும். வேறுபாடே இல்லை என்ற முடிவுக்கு அது இட்டுச் செல்லும். 12,763 பேரின் சான்று 200 பேரின் சான்றாகச் சுருங்கிவிடுவதே இதற்குக் காரணம்.

பல சோதனைகளைச் செய்து, கடந்தவற்றை மட்டும் எடுத்துக்காட்டுதல். எங்குமே வேறுபாடு இல்லாத 85 துறைகளை 5 விழுக்காட்டு நிலையில் சோதித்தாலும், ஏறத்தாழ நான்கு துறைகள் தற்செயலாகவே எல்லையைக் கடக்கும். நாற்பது வினாக்கள் கொண்ட வினாத்தாளில் இரண்டு வினாக்களில் மட்டும் வேறுபாடு தென்பட்டால், அதனைக் கண்டுபிடிப்பாகக் கொள்வது பொருந்தாது.

முடிவைக் கண்டபின் வகைகளை மாற்றுதல். சிறிய வகைகளை இணைப்பது சில வேளைகளில் தேவையே. ஆனால் எல்லையைக் கடக்கும்வரை வெவ்வேறு விதமாக இணைத்துப் பார்ப்பது சோதனையின் பொருளையே அழித்துவிடும்.

வரிசையைப் புறக்கணித்தல். "முழுதும் உடன்படுகிறேன்" முதல் "சற்றும் உடன்படவில்லை" வரையான விடைகளுக்கு ஒரு வரிசை உண்டு. கை-வர்க்கச் சோதனை அவ்வரிசையை அறியாது; நிரல்களை எப்படி மாற்றி வைத்தாலும் அதே மதிப்பையே தரும். இத்தகைய தரவுகளுக்கு வரிசையைப் பயன்படுத்தும் சோதனைகள் கூடுதல் ஆற்றல் உடையவை.

தொடர்பைக் காரணமாகக் கொள்ளுதல். பெர்க்லித் தரவு விளக்கும் பிழை இதுவே. எல்லையைக் கடந்த மதிப்பைக் கண்டவுடன், இரு பண்புகளோடும் தொடர்புடைய மூன்றாவது மாறி எது எனத் தேடி, அதன்படி தரவைப் பிரித்துப் பார்த்தல் வேண்டும்.

## மென்பொருள்கள்

ஆர், எஸ்.பி.எஸ்.எஸ். முதலிய புள்ளியியல் மென்பொருள்கள் இச்சோதனையைச் செய்கின்றன. கட்டற்ற மென்பொருளான ஆர், இரண்டுக்கு இரண்டு அட்டவணைகளுக்கு யேட்ஸ் திருத்தத்தைத் தானாகவே சேர்த்துக்கொள்கிறது. ஆகவே கையால் கணித்த மதிப்பு அதிலிருந்து சிறிது வேறுபடலாம். பெர்க்லியின் ஆறு துறைகளுக்கான தரவு ஆர் மென்பொருளுடனேயே வழங்கப்படுவதால், மேலே உள்ள கணக்குகளை மாணவர்கள் தாமே செய்து சரிபார்க்கலாம்.

## தொடர்புடைய சோதனைகள்

* ஃபிஷரின் துல்லியச் சோதனை: எதிர்பார்க்கப்படும் நிகழ்வெண்கள் மிகச் சிறியனவாக உள்ள அட்டவணைகளுக்கு உரியது.
* மெக்நெமார் சோதனை: ஒரே நபர்களிடம் இருமுறை கேட்டுப் பெற்ற விடைகளை ஒப்பிட உதவுவது. ஒரு பயிற்சிக்கு முன்னும் பின்னும் கருத்து மாறியதா எனக் காண இதுவே ஏற்றது. 1947ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது.
* மாண்டெல்–ஹேன்செல் சோதனை: மூன்றாவது மாறியின்படி பிரிக்கப்பட்ட பல அட்டவணைகளை இணைத்துச் சோதிப்பது. 1959ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது.
* பொருத்தச் செம்மைச் சோதனை: ஒரே குழுவின் பரவல், முன்னரே அறிந்த விகிதத்துடன் பொருந்துகிறதா எனக் காணும் கை-வர்க்கச் சோதனை. பியர்சனின் பகடை ஆய்வு இவ்வகையைச் சேர்ந்தது.

## இவற்றையும் பார்க்க

* கை-வர்க்கப் பரவல்
* நிகழ்தகவு
* கார்ல் பியர்சன்
* ரொனால்ட் ஃபிஷர்
* சிம்ப்சனின் முரண்புதிர்